கருமண்ணின் சாட்சியம்



தோழரின் நினைவைப் போற்றும் இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்த மன்றத்துக்கு நன்றி. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனாலும் இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் தோழரோடு நில உரிமைப் பணியில் நடந்த எல்லோரையும் சேர்த்தே குறிக்கும். தனியாக ‘நான்’ என்று பேசும் பழக்கத்தை அவர் எங்களிடம் வளர்க்கவில்லை.

அவரோடு தாலுகா அலுவலகத்துப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடமாகியிருக்கும். ‘ஆதாரம் இருக்கா?’ நான்கு தலைமுறையாக உழுகிறோம் என்போம். ஆதாரம் இருக்கா? எங்கள் பாட்டி வெட்டிய கிணறு அந்த வயலில் இருக்கிறது என்போம். கிணற்றுக்கு ஆதாரம் இருக்கா? பழைய அ-பதிவேட்டில் டி.சி. நிலம் என்று இருக்கிறது, நகல் கொடுங்கள் என்போம். பதிவேடு செல்லரித்துவிட்டது, பிறகு வாருங்கள் என்பார்கள். அப்படி வெறுங்கையோடு பேருந்தில் திரும்பிய ஒரு மாலையில் தோழர் சொன்னார்: “காகிதமெல்லாம் அவங்க கையில இருக்கு. மண்ணு வாயைத் திறந்து பேசுனாத்தான் நமக்கு உண்டு.” அன்று சிரித்தோம். மண் வாய் திறந்து பேசிய இடம் ஒன்று உலகில் உண்டு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அந்த இடம் அமேசான்.

அமேசான் என்றதும் நம் பாடப்புத்தகங்கள் காட்டுவது மனிதக் கால் படாத கன்னிக்காட்டை. அங்கங்கே சில பழங்குடிக் குழுக்கள், வில்லும் அம்பும், மற்றபடி மரங்கள். இந்தச் சித்திரம் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்குவோம்.

1541-42இல் பிரான்சிஸ்கோ டி ஒரெல்லானா என்ற ஸ்பானிய படைத்தலைவன் ஆண்டீஸ் மலைப்பக்கமிருந்து புறப்பட்டு, அமேசான் ஆற்றின் வழியே அட்லாண்டிக் கடல்வரை போனான். அவனோடு போனவர் காஸ்பார் டி கார்வஹால் என்ற பாதிரியார். வழியில் நடந்த சண்டையில் அம்பு தைத்து ஒரு கண்ணை இழந்தவர். கரையோரம் நெடுக வரிசையாக ஊர்களையும், உள்நாட்டுக்குப் போகும் சாலைகளையும், நேர்த்தியான மட்பாண்டங்களையும் பார்த்ததாக அவர் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு முழுமையாக அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்குள் ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மையும் தட்டம்மையும் காய்ச்சலும், அடிமை பிடிக்கும் வேட்டையும் அந்த ஊர்களைத் துடைத்தெடுத்துவிட்டன. பின்னால் வந்தவர்கள் காட்டையே கண்டார்கள். பாதிரியார் கதை கட்டிவிட்டார் என்றார்கள். ஆட்கள் செத்தும் சிதறியும் போன இடத்தை, ஆட்களே இல்லாத இடம் என்று எழுதிவைத்தார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இதற்கு அறிவியல் துணையும் கிடைத்தது. 1940களின் இறுதியில் அமேசான் முகத்துவாரத்திலுள்ள மராஜோ தீவில் பெட்டி மெக்கர்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் தன் கணவரோடு அகழாய்வு செய்தார். பெரிய மண்மேடுகளும் அழகான வண்ண மட்பாண்டங்களும் கிடைத்தன. அவர் வந்த முடிவு என்ன? இந்தப் பண்பாடு இங்கே முளைத்திருக்க முடியாது, வெளியிலிருந்து வந்து இந்த மண்ணில் நலிந்து அழிந்திருக்கிறது என்பதுதான். 1971இல் வெளிவந்த தம் நூலில் அவர் அமேசானைப் போலிச் சொர்க்கம் என்றார். பார்வைக்குப் பச்சை, அடியில் சத்தற்ற மண். பெரிய சமூகம் எதையும் அது தாங்காது என்பது வாதம்.

மெக்கர்ஸ் பழங்குடிகளை வெறுத்தவர் இல்லை. காட்டின் மீது உண்மையான அக்கறை கொண்டவர். ஆனால் ‘இவர்களால் இது முடிந்திருக்காது’ என்ற முடிவு எங்கே போய் முட்டும் என்று நமக்குத் தெரியும். நல்ல பொருள் கிடைத்தால் வெளியூர்க்காரன் செய்தது, குப்பை கிடைத்தால் உள்ளூர்க்காரன் போட்டது என்ற கணக்கை நாம் நம் ஊரிலும் பார்த்தவர்கள்தானே. 1980களில் அதே தீவில் ஆய்வு செய்த அன்னா ரூஸ்வெல்ட், அந்தப் பண்பாடு அங்கேயே வளர்ந்து பல நூற்றாண்டுகள் நீடித்தது என்று வாதிட்டார். அவருடைய நூல் 1991இல் வந்தது.

மண் சத்தற்றது என்ற பகுதி பொய்யில்லை. அமேசானின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி சிவப்பும் மஞ்சளுமான பழைய மண். கோடிக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் சிதைந்து, இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் சத்தில்லாக் களியும் மிஞ்சியது. கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் போன்றவற்றை மழை அடித்துக்கொண்டு போய்விடும். மண்ணின் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி நிற்கும். அவ்வளவு புளிப்பில் அலுமினியம் கரைந்து பயிரின் வேரைத் தீய்க்கும். பாஸ்பரஸைப் போட்டாலும் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும், பயிருக்கு விடாது. காட்டை வெட்டி எரித்து விதைத்தால் சில ஆண்டு விளையும், பிறகு இடம் மாற வேண்டியதுதான்.

இந்தச் சிவப்பு மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கன்னங்கரேல் என்று வேறொரு மண் கிடக்கிறது. சில இடங்களில் 2 மீட்டர் ஆழம்வரை கறுப்பு. தோண்டினால் பானை ஓடு. பிரேசில் விவசாயிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டெர்ரா ப்ரெட்டா டி இந்தியோ’, அதாவது பூர்வகுடிகளின் கருமண். பெயரிலேயே விடை இருக்கிறது. ஆற்றோரத்துச் சிறு விவசாயிகள் அந்தத் திட்டுகளைத் தேடிப் பிடித்துப் பயிர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பயணிகளில் சிலரும் இது பழைய ஊர்களின் மண் என்று சரியாகவே எழுதினார்கள். ஆனால் அறிஞர் உலகம் நெடுங்காலம் சுற்றி வளைத்தது. எரிமலைச் சாம்பலாக இருக்கும் என்றார்கள். வற்றிப்போன ஏரிகளின் அடிவண்டல் என்றார்கள். இது மனிதர் செய்த மண்தான் என்பதை 1966இல் விரிவான ஆய்வாக முன்வைத்தவர்களில் முக்கியமானவர் விம் சோம்ப்ரூக் என்ற டச்சு மண்ணியலாளர். தலைமுறை தலைமுறையாக எருவும் புல்பத்தையும் போட்டு மண்ணை உயர்த்திய நெதர்லாந்து விவசாயிகளின் நிலத்தை அறிந்தவர் அவர். மண்ணை மனிதர் ஆக்க முடியும் என்பது அவருக்குப் புதிதாக இருக்கவில்லை.

அந்த மண்ணின் வேதியியலைக் கொஞ்சம் பார்ப்போம். பயப்பட வேண்டாம், அடுப்படியில் நிற்கிற எவருக்கும் புரியக்கூடியது.

விறகு காற்றோட்டத்தில் முழுதாக எரிந்தால் சாம்பல் மிஞ்சும். காற்று போதாமல் புகைந்து வெந்தால் கரி மிஞ்சும். கரியில் உள்ள கரிம அணுக்கள் வளையம் வளையமாகக் கோத்துக் கிடப்பவை, நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாதவை. அதனால் சாதாரண இலைமக்கு வெப்பமண்டல மழையில் சில ஆண்டுகளில் கரைந்துபோக, கரி நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. ஒரு கிலோ கருமண்ணில் 150 கிராம்வரை கரிமம் காணப்படுகிறது. பக்கத்துச் சிவப்பு மண்ணில் 20 முதல் 30 கிராம்தான். அதிலும் கரியாக இருக்கும் பங்கு பக்கத்து மண்ணைப்போல 70 மடங்குவரை போகிறது.

கரி சும்மா கிடப்பதில்லை. காலப்போக்கில் அதன் ஓரங்களில் ஆக்சிஜன் ஏறி, எதிர்மின்சுமை கொண்ட முனைகள் உண்டாகின்றன. கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் நேர்மின்சுமை கொண்ட அயனிகள். அவை மழையில் ஓடிவிடாமல் கரியோடு ஒட்டி நிற்கின்றன, வேர் கேட்கும்போது கிடைக்கின்றன. அடுப்புச் சாம்பல் காரத்தன்மை உடையது, மண்ணின் புளிப்பைத் தணிக்கிறது. புளிப்பு தணிந்தால் அலுமினியத்தின் நஞ்சும் அடங்குகிறது. மீன் முள்ளும் விலங்கு எலும்பும் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து ஆனவை. மலமும் சிறுநீரும் நைட்ரஜன் தருபவை. எல்லாம் சேர்ந்து, எதுவும் தங்காத மண்ணை எல்லாம் தங்குகிற மண்ணாக மாற்றிவிட்டன.

இந்தப் பட்டியலை மறுபடி கேளுங்கள். சாம்பல், கரி, மீன் முள், எலும்பு, மலம், உடைந்த பானை. இது குப்பைமேட்டின் பட்டியல். யார் கை பட்டு இவையெல்லாம் மண்ணில் சேர்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெருக்கியவர்கள், அள்ளியவர்கள், அடுப்பு எரித்தவர்கள். அந்த மக்களின் அரண்மனை எதுவும் நிற்கவில்லை. அங்கே கட்டுமானத்துக்குக் கல் அரிது. மரமும் ஓலையும் மக்கிப்போயின. எஞ்சி நிற்பது அவர்களின் அன்றாட வேலை.

‘தற்செயலாகக் குப்பை கொட்டினார்கள், தற்செயலாக மண் விளைந்தது, இதில் அறிவு எங்கே வந்தது?’ என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பைக் கண்டால் அறிவைப் பார்க்க மறுக்கிற அந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. அதற்கு விடை சொன்னவர்கள் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் வாழும் குய்குரோ மக்கள். அவர்கள் மொழியில் கருமண்ணுக்குத் தனிச்சொல்லே உண்டு, ‘எகெபே’. ஊரின் பின்புறம் குப்பையைக் குவித்து, சாம்பலும் கரியும் மரவள்ளிக் கழிவும் மீன் கழிவும் சேர்த்து, மண் கறுத்துவரும் இடத்தில் பயிர் வைக்கிறார்கள். எதற்குச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிறார்கள். இன்றைய ஊரின் மண்ணையும் அதே வட்டாரத்துப் பழைய ஊர்களின் மண்ணையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. இரண்டிலும் மண் மாறியிருக்கும் விதம் ஒத்துப்போனது. அந்த ஆய்வில் குய்குரோக்கள் வெறும் தகவலாளிகள் இல்லை, கட்டுரையின் ஆசிரியர்களில் அவர்களும் உண்டு. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 2003இல், ஷிங்குவின் பழைய ஊர்கள், அகழிகள், அகன்ற நேர்ச்சாலைகள் பற்றி மைக்கேல் ஹெக்கன்பெர்கர் குழுவினர் எழுதிய கட்டுரையிலும் குய்குரோத் தலைவர்கள் ஆசிரியர்களாக இடம்பெற்றார்கள். நம்மைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. அவற்றில் எத்தனையில் நம் ஊர்ப் பாட்டியின் பெயர் ஆசிரியராக இருக்கிறது?

நமக்கு நெருக்கமான இன்னொரு சான்றும் உண்டு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைப் பயிராக்கியவர்கள் அங்கத்துப் பூர்வகுடிகள். கசப்பு மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அது சிதைந்து சயனைடு வெளிப்படும், அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும். அமேசான் பெண்கள் கிழங்கைத் துருவி, ஊறவிட்டு, பின்னிய நீள்குழல் கூடையில் திணித்து இழுத்துச் சாறு பிழிந்து, மாவை ஓட்டில் வறுத்தெடுக்கிறார்கள். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி செல்சியஸை ஒட்டியது, ஆகவே வறுக்கும் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். பிழிந்த சாற்றையும் வீணாக்காமல் நெடுநேரம் கொதிக்கவைத்துக் குழம்பாக்குகிறார்கள். சயனைடு என்ற சொல் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அதை நீக்கும் முறை அடுப்படியில் இருந்தது. இதை வேதியியல் என்று அழைக்க நாம் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

காட்டுக்கு வருவோம். மனிதர் வளர்த்துப் பக்குவப்படுத்திய 85 மர இனங்களை எடுத்துக்கொண்டு 2017இல் ஓர் ஆய்வு நடந்தது. அவற்றில் 20 இனங்கள் அமேசான் முழுக்க மிக அதிகமாகக் காணப்படும் மரங்களின் வரிசையில் இருந்தன. பழைய ஊர்த்தடங்களை நெருங்க நெருங்க இந்த மரங்கள் கூடிக்கொண்டே போயின. கன்னிக்காடு என்று நாம் படித்ததில் ஒரு பகுதி, கைவிடப்பட்ட தோப்பின் எச்சத்தையும் உள்ளடக்கியது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி இலைகளுக்கு அடியிலுள்ள தரையை அளக்கும் லைடார் முறை வந்த பிறகு, பொலிவியாவின் மோஹோஸ் சமவெளியில் கால்வாய்களும் சாலைகளும் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த மண்கோபுரங்களும் கொண்ட குடியிருப்புகள் 2022இல் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2024இல் ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கில், சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய, 6000க்கும் மேற்பட்ட மண்மேடைகள் கொண்ட ஊர்த்தொகுதி அறிவிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. கருமண்ணுக்கு ஆற்று வண்டல்தான் காரணம் என்று 2021இல் ஒரு கட்டுரை வந்தது. அமேசானில் பல்லாண்டு பணிபுரிந்த ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து அதை மறுத்து எழுதினார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வெற்று நிலம் என்ற சொல் அறிஞர்களின் புத்தகத்தோடு நிற்பதில்லை, அரசாணைக்குள் புகுந்துவிடுகிறது. 1970இல் பிரேசிலின் ராணுவ ஆட்சி அமேசானைக் குறுக்காக வெட்டி நெடுஞ்சாலை போடத் தொடங்கியபோது வைத்த முழக்கம் ‘ஆளில்லா நிலம், நிலமில்லா ஆளுக்கு’ என்பது. அந்த ‘ஆளில்லா’ நிலத்திலிருந்த ஆட்கள் நோயிலும் துப்பாக்கியிலும் மடிந்தார்கள். 1988இல் வந்த அரசியல் சாசனம் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றது. உடனே வேறொரு வாதம் கிளம்பியது. சாசனம் நடைமுறைக்கு வந்த 1988 அக்டோபர் 5 அன்று எந்த நிலத்தில் இருந்தார்களோ அதை மட்டும்தான் கோரலாம் என்றார்கள். அதற்கு முன்பே அடித்து விரட்டப்பட்டவர்கள் அன்றைக்கு எப்படி அங்கே இருந்திருக்க முடியும்? 2023 செப்டம்பரில் பிரேசில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றம் அதிபரின் மறுப்பையும் மீறி அதே வாதத்தைச் சட்டமாக்கியது.

தோழர்களே, இந்தக் கதையை நாம் வேறு பெயர்களில் வாழ்ந்திருக்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையையும், 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையையும் இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. 10 ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு அல்லாமல் வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் யார் கையில் இருக்கிறது என்றும் தெரியும். அதைக் கேட்டுப் போராடியதற்காகத்தான் 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்த நிலங்களில் பல, பதிவேட்டில் தரிசு என்றுதான் இருந்தன. தரிசைத் திருத்தி விளைய வைத்த கைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விளைந்த பிறகுதான் அதன்மேல் மற்றவர்களுக்குக் கண் விழுந்தது.

ஆக, மண் பேசும் என்று மகிழ்ந்து நாம் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். தோழர் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அவர் கேட்டிருக்கக்கூடிய இரண்டு கேள்விகளையும் பேசிவிடுவோம்.

ஒன்று, மண் யாருக்காகப் பேசும்? பிரேசிலின் அக்ரி மாநிலத்தில் நூற்றுக்கணக்கான பழைய வடிவ அகழிகள் கண்ணுக்குத் தெரிந்ததே, மாட்டுப்பண்ணைகளுக்காகக் காட்டை அழித்த பிறகுதான். அந்தக் காலத்திலேயே மனிதர் காட்டைத் திருத்தி வாழ்ந்தார்கள் என்றால் இப்போது நாங்கள் வெட்டினால் என்ன என்று பண்ணைக்காரன் கேட்பான். மெக்கர்ஸ் தம் கடைசிக் காலத்தில் அஞ்சியது இதைத்தான். அந்த அச்சத்தை நாம் அலட்சியப்படுத்த முடியாது. கருமண்ணைப் பார்த்து உருவான கரி உரத் தொழில்நுட்பத்துக்கு இன்று உலகச் சந்தையில் விலை இருக்கிறது, கரிம வரவுப் பத்திரமும் இருக்கிறது. அதன் மூல ஆசிரியர்களுக்கு நிலம்கூட நிச்சயமில்லை. சாட்சியம் தானாகத் தீர்ப்பாகாது. அதை ஏந்திப்போக அமைப்பாகத் திரண்ட மக்கள் வேண்டும்.

இரண்டாவது கேள்வி நமக்கு இன்னும் கசப்பானது. கருமண் கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கோபுரமும் சாலையும் அகழியும் இல்லை, அந்த மக்கள் மீன் பிடித்துக் கிழங்கு தோண்டி, தடமே இல்லாமல் வாழ்ந்தவர்கள்தான். அப்போது அவர்கள் நிலத்தைப் பிடுங்குவது சரியாகிவிடுமா? அமேசானில் அப்படி நடமாடி வாழ்ந்த மக்கள் உண்டு. நாகரிகச் சான்றிதழ் காட்டினால்தான் மனித உரிமை என்றால் அவர்கள் தோற்றுவிடுவார்கள்.

‘நாங்களும் ஆண்ட பரம்பரைதான்’ என்று சுவரொட்டி ஒட்டும் பழக்கம் நம்மிடையேயும் பரவிவருகிறது. இழிவு சுமத்தப்பட்டவர்கள் பெருமையைத் தேடுவதில் இருக்கிற வலி எங்களுக்குப் புரிகிறது. பண்டிதர் அயோத்திதாசர் ‘தமிழன்’ இதழில் பூர்வ பௌத்தம் பற்றி எழுதியதும், அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்ததும் வரலாற்றை மீட்கும் வேலைதான். அவர்கள் இறந்தகாலத்தில் தேடியது சமத்துவத்தின் வேர். ஆண்டவர் வரிசையில் நமக்கும் ஒரு நாற்காலி கிடைக்குமா என்று தேடுவது வேறு வேலை. ஆண்டால்தான் மதிப்பு என்றால், ஆளப்பட்டவர்களுக்கு மதிப்பில்லை என்று நாமே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அமேசானின் கருமண்ணில் எந்த ராஜாவின் பெயரும் இல்லை. அடுப்பெரித்தவர்களும் குப்பை அள்ளியவர்களும் ஆக்கிய மண் அது. பெருமை வேண்டுமென்றால் அந்தப் பெருமை நமக்குப் போதும். உரிமைக்கோ அந்தப் பெருமைகூட நிபந்தனையாக இருக்கக்கூடாது.

அதற்காக ஆதாரம் சேர்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. நம் சேரிகளை ஒட்டி நத்தமேடுகள் இருக்கின்றன. பானை ஓடும் சாம்பலும் கலந்து கறுத்துக் கிடக்கும் மேடுகள். ஜே.சி.பி. வந்து அள்ளிக்கொண்டு போவதற்குள் அவற்றைப் படமெடுத்து, இடம் குறித்து வையுங்கள். பழைய சேரி எங்கே இருந்தது, எந்த ஆண்டு வெள்ளத்தில் இடம் பெயர்ந்தது, சுடுகாடு எங்கே இருந்தது, கிணறு யார் வெட்டியது என்று மூத்த பெண்களிடம் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். எழுதுகிறவர் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வரட்டும்.

அடுத்த மாதம் மனுவோடு மறுபடியும் தாலுகா அலுவலகம் போகிறோம். இந்த முறை கையில் பதிவேட்டு நகல் இல்லாவிட்டாலும் 11 பாட்டிமார்கள் சொன்னது எழுத்தில் இருக்கிறது. வரக்கூடியவர்கள் வாசலில் உள்ள நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.